சேல்ஸ்ஃபோர்ஸில் அனுமதி வழங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விற்பனை, சேவை, கணக்கு எனப் பல பிரிவினரும் ஒரே வாடிக்கையாளர் தரவுத்தளத்தில் வேலை செய்யும் நிறுவனங்களில், யார் எதைப் பார்க்கலாம் என்ற கேள்வி பெரும்பாலும் ஏதேனும் ஒரு பட்டியல் வெளியே போன பிறகுதான் எழுகிறது. வாடிக்கையாளர் தகவல்களை நிர்வகிக்கும் மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸில் இதற்கான வசதிகளுக்குக் குறைவில்லை. அவற்றை அமைக்கும் வரிசையில்தான் கோளாறு தொடங்குகிறது.

நிறுவனம் முழுவதற்குமான அடிப்படை அமைப்பை 'அனைவரும் பார்க்கலாம், திருத்தலாம்' என்று விட்டுவிட்டு, பிறகு சிலரை மட்டும் தடுக்க முனைவதே பெரிய தவறு. பதிவுகளைக் குறிப்பிட்ட குழுக்களுடன் பகிரும் விதிகளான ஷேரிங் ரூல்கள் அணுகலை விரிவாக்குமே தவிர, சுருக்குவதில்லை. எனவே முதலில் பதிவுகளை 'பிரைவேட்' என மூடிவிட்டு, தேவைப்படும் குழுவுக்குத் தேவைப்படும் அளவு மட்டும் திறந்துவிட வேண்டும். யாருக்குக் கீழ் யார் என்று காட்டும் ரோல் படிநிலையில் மேலே இருப்பவர், பொதுவாகக் கீழே உள்ளவர்களின் பதிவுகளையும் காண முடியும் என்பதால், பதவிப் பட்டியலை அப்படியே அதில் ஏற்றுவதும் வேண்டாத கதவுகளைத் திறந்துவிடும்.

திரையில் தெரியாதது எவருக்கும் கிடைக்காது என்று நம்புவது அதைவிட நுட்பமான பிழை. வாடிக்கையாளரின் பான் எண்ணைப் பக்க அமைப்பிலிருந்து அட்மின் நீக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புலத்தின் (பதிவில் அத்தகவலுக்கான இடத்தின்) அனுமதியை அவர் மாற்றாதவரை, ரிப்போர்ட் உருவாக்கத் தெரிந்த எந்த ஊழியரும் அந்த எண்ணை ஒரு நெடுவரிசையாகச் சேர்த்து, ஏற்றுமதி உரிமையும் இருந்தால், எக்ஸெல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியும். புலத்தைப் புல அளவிலான பாதுகாப்பில்தான் மறைக்க வேண்டும். ரிப்போர்ட்டுகளை ஏற்றுமதி செய்யும் உரிமையையும் எல்லோருக்கும் வாரி வழங்கக் கூடாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமைக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிப்பதால், இதை அட்மினின் தலைவலி என்று மட்டும் மேலாளர்கள் தள்ளிவிட முடியாது.

புதிதாகச் சேர்ந்தவருக்கு 'பழையவருக்கு இருந்ததையே கொடுத்துவிடுங்கள்' என்று சொல்லும் வழக்கத்தையும் விட வேண்டும். பழையவர் பல ஆண்டுகளாகச் சேர்த்துக்கொண்ட தற்காலிக அனுமதிகள் அனைத்தும் அதோடு கைமாறுகின்றன. ஷேரிங் அமைப்புகளையெல்லாம் மீறி எல்லாத் தரவையும் திருத்தவிடும் 'மாடிஃபை ஆல் டேட்டா' உரிமை அதில் ஒளிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு பயனருக்கும் உள்ள அடிப்படை அனுமதித் தொகுப்பான ப்ரொஃபைலைக் குறைந்தபட்சமாக வைத்து, கூடுதல் உரிமைகளை அதன்மேல் தனியாகச் சேர்க்கும் பெர்மிஷன் செட்டாக, முடியுமானால் காலாவதித் தேதியுடன், தருவதே சரி. ஒரே லாகினைப் பலர் பகிர்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. யார் மாற்றியது என்று கண்டுபிடிக்க அங்கே வழியே இருக்காது.

வேலையை விட்டுச் செல்பவரின் கணக்கை உடனே செயலிழக்கச் செய்ய முடியாத நேரங்கள் உண்டு. உதாரணமாக, புதிய லீட்களின் (வாடிக்கையாளராக வாய்ப்புள்ளவர்களின் பதிவுகளின்) இயல்பு உரிமையாளராக அவர் பெயரே இருக்கலாம். அந்தச் சிக்கலைத் தீர்க்கும்வரை கணக்கைத் திறந்தே வைத்திருப்பார்கள்; அது தவறு. அதற்குப் பதிலாகக் கணக்கை 'ஃப்ரீஸ்' (முடக்கம்) செய்தால் அவரால் அந்த நொடியிலிருந்தே உள்நுழைய முடியாது. அவருக்கான பயனர் உரிமம் (லைசென்ஸ்) மட்டும், கணக்கைச் செயலிழக்கச் செய்யும்வரை, வேறொருவருக்குத் தர விடுபடாது.

அனுமதி அமைப்புகளுக்கு நகல் வைக்காததும் ஒரு தவறுதான். 2019 மே மாதம் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனமே இயக்கிய ஒரு ஸ்கிரிப்ட், அதன் சந்தைப்படுத்தல் மென்பொருளான பார்டாட்டைப் பயன்படுத்திய நிறுவனங்களில் பயனர்களுக்கு வரம்பு மீறிய அணுகலைத் தந்துவிட்டது. அப்போது சான்ட்பாக்ஸில் (சோதனைக்கான தனிப் பிரதியில்) சரியான நகல் வைத்திருந்தவர்கள் அதிலிருந்தே மீட்க முடிந்தது. மற்ற அட்மின்கள் ப்ரொஃபைல்களைக் கையால் திருத்த வேண்டியிருந்தது. அமைப்பு மாற்றங்களின் தணிக்கைப் பதிவும் 180 நாட்களுக்கே கிடைக்கும் என்பதால், அதைக் காலாண்டுக்கு ஒருமுறை பதிவிறக்கி வைப்பது நல்லது.