‘பீக்’ விளையாட்டில் உணவு, மருந்து, கயிறு: எதைச் சுமப்பது, எதை எப்போது செலவிடுவது

அக்ரோ க்ராப், லேண்ட்ஃபால் ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட, நண்பர்கள் இணைந்து மலையேறும் ‘பீக்’ என்ற கணினி விளையாட்டை, வெள்ளவத்தையில் ஒருவர், கொட்டாஞ்சேனையில் ஒருவர், தெஹிவளையில் இருவர் என்று இரவில் இணைந்து விளையாடும் குழுக்கள் இப்போது கொழும்பில் கணிசமாக உள்ளன. இக்குழுக்களிற் பல மலையின் பாதியிலேயே தோற்றுப்போவதற்குக் கை வழுக்குவதைவிடச் சாமான் கணக்குப் பிழைப்பதே பெரிய காரணம் என்பது என் கருத்து. அந்தக் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளும் முறையையே இங்கு விளக்குகிறேன்.

முதலில் திரையின் கீழே தெரியும் சக்திப் பட்டையைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த விளையாட்டில் பசிக்கு ஓர் அளவுகோல், உடல்நலத்துக்கு வேறோர் அளவுகோல் என்று எதுவும் இல்லை. பசி மஞ்சளாகவும், காயம் சிவப்பாகவும், நஞ்சு ஊதாவாகவும், குளிர் நீலமாகவும், நீங்கள் சுமக்கும் பாரம் பழுப்பாகவும் ஒரே பட்டையின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, மிஞ்சும் பச்சைப் பகுதியை வைத்தே நீங்கள் பாறையில் ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே பையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும், பயன்படுத்தப்படும் நாள்வரை, உங்களிடமிருந்து சிறிது சக்தியை வாடகையாக வாங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பொருள் பின்னர் திருப்பித் தரப்போகும் சக்தி, அதுவரை அது விழுங்கும் சக்தியைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டுமே அதை எடுத்துச் செல்லுங்கள்.

கையில் மூன்று பொருட்களுக்கே இடமுண்டு. முதுகுப்பை கிடைத்தால் மேலும் நான்கு வைக்கலாம். நால்வரும் ஆளுக்கொரு பையைத் தேடி அலைவதைவிட, ஏறுவதில் திறமையானவரைப் பாரமின்றி முன்னே அனுப்பிவிட்டு, நிதானமாகப் பின்னே வருபவர்களிடம் பைகளைக் கொடுப்பதே சிறந்தது. முன்னே செல்பவரிடம் கயிறு இருக்க வேண்டும், உணவு இருக்க வேண்டியதில்லை. பையைச் சுமப்பவரின் முதுகிலிருந்தே மற்றவர்கள் பொருளை எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், அவரை நிறுத்தி வைத்துச் சாமானைத் தரையில் பரப்ப வேண்டிய அவசியமும் இல்லை.

இங்கே குரல் பற்றியும் ஒரு சொல். விளையாட்டுக்குள் பேசும்போது தூரம் கூடக் கூடக் குரல் மங்கும். நம்மில் பலர் வாட்ஸ்அப் அழைப்பைப் பக்கத்தில் திறந்து வைத்து இதைச் சமாளிக்கிறார்கள். அது விளையாட்டின் பாதிச் சுவையைக் கெடுத்துவிடும் என்பேன். பிரிந்து செல்வதற்கு முன் யாரிடம் எது இருக்கிறது என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாற் போதும்.

உணவு விடயத்திற்குத் தேங்காயை எடுத்துக்கொள்வோம். அதை அப்படியே உண்ண முடியாது; தரையிலோ பாறையிலோ எறிந்து உடைத்தால் இரண்டு பாதிகளாகப் பிரியும். கிடைத்த இடத்திலேயே உடைத்துவிடுவது புதியவர்களின் வழக்கம். ஆனால் முழுத் தேங்காய்க்கு ஓர் இடம் போதும், உடைத்த பின் இரண்டு இடங்கள் வேண்டும். சரிவில் நின்று எறிந்தாலோ பாதிகள் உருண்டு பள்ளத்தில் போய்விடவும் கூடும். எனவே பசி அவசரமாக இல்லாதபோது முழுதாகவே கொண்டு சென்று, அடுத்த முகாமின் சமதரையில் உடைத்து, இரண்டு பாதிகளையும் தீயில் வாட்டி ஆளுக்கொன்றாக உண்ணுங்கள்.

வாட்டுவதே இந்த விளையாட்டில் நம் கையால் செய்யக்கூடிய முக்கியமான தயாரிப்பு. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் உள்ள முகாம் தீயின் அருகே, உணவைக் கையில் ஏந்தியபடி சில நொடிகள் பொறுத்திருந்தால் அதன் நிறம் மாறும். பொதுவாக ஒருமுறை வாட்டிய உணவு பச்சையாக உண்பதைவிட நல்ல பலன் தரும். அதே உணவைத் திரும்பத் திரும்ப வாட்டினால் பலன் குறைந்து, இறுதியில் கரியாகி நஞ்சாகவும் மாறும். பேச்சு சுவாரசியத்தில் ஒருவர் வாட்டியதை இன்னொருவர் வாங்கி மறுபடி தீயில் காட்டுவது அடிக்கடி நடப்பதால், சமையலை ஒருவரிடமே ஒப்படைத்துவிடுங்கள். டைனமைட்டைத் தீயருகே கொண்டு செல்லும் நண்பர் எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார்; அவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம். கையடக்க அடுப்பு கிடைத்தால் முகாமில் வீணாக்காமல், பனி மூடிய ஆல்பைன் பகுதிக்கு வைத்திருங்கள். அங்கே சமைப்பதோடு குளிர் காயவும் அது உதவும்.

காளான்களையும் பழங்களையும் பொறுத்தவரை, அறியாத ஒன்றை நால்வரும் ஒரே நேரத்தில் உண்ணக்கூடாது. பட்டையில் பச்சை அதிகமாக உள்ள ஒருவர், சமதரையில் நின்றுகொண்டு, முதலில் உண்டு பார்க்கட்டும்.

மருந்துகளைச் செலவிடுவதில்தான் அதிக வீண்விரயம் நிகழ்கிறது. நஞ்சு நேரம் செல்லச் செல்லத் தானாகவே குறையும், குளிரும் வெப்பம் கிடைத்தால் விலகும். ஆனால் பசி கூடிக்கொண்டே போகும், காயம் பொறுத்திருப்பதால் மட்டும் ஆறிவிடாது. சிறிது ஊதா நிறம் தெரிந்தவுடன் நஞ்சுமுறி மருந்தைக் குடிப்பவர், பாறை விளிம்பில் சற்று உட்கார்ந்திருந்தாலே அது மறைந்திருக்கும். பண்டேஜை இதற்கு மாறாகத் தயங்காமல் பயன்படுத்தலாம், சிவப்பு குறைந்த அளவு அடுத்த ஏற்றம் முழுவதும் பலன் தரும். முதலுதவிப் பெட்டியை மட்டும் பெரிய வீழ்ச்சிக்கு ஒதுக்கி வையுங்கள். மருந்தையும் உணவையும் மற்றவருக்கு ஊட்டிவிடவும் முடியும் என்பதால், மயங்கிக் கிடப்பவரைத் தூக்கிச் சுமப்பதற்கு முன் அவருடைய பட்டையில் எந்த நிறம் நிரம்பியிருக்கிறது என்று கேட்டு, அதற்குரியதைக் கொடுங்கள்.

எனர்ஜி பானமும் பெரிய லாலிபாப்பும் தனி வகை. இவற்றின் வேகம் அடங்கியதும் தூக்கக் கலக்கம் வந்து பட்டையை நிரப்பும். ஆகவே நடுவில் ஓய்வெடுக்க ஒரு திட்டுக்கூட இல்லாத நெடுஞ்சுவருக்கு, அதன் உச்சியில் நிற்க இடம் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே, இவற்றை எடுங்கள். கயிற்றுச் சுருளை முதலில் ஏறியவர் மேலிருந்து இறக்கினால் மூவரின் சக்தி மிஞ்சும் என்பதால், ஒருவர் மட்டும் தப்பிக்க அதைச் செலவிடுவது நட்டம். பாறையில் அடிக்கும் ஆணியைப் பச்சை தீரும் தறுவாயில் தேடாதீர்கள். அதை அடித்து முடிக்கவே சிறிது நேரம் பிடிக்கும்.

மலையின் அமைப்பு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. கொழும்பு நேரப்படி அந்த மாற்றம் இரவில், நாம் விளையாடும் வேளையிலேயே வருகிறது. வார இறுதியில் மாலையிலேயே ஒரு சுற்று ஆடிவிட்டால், எந்தப் பகுதியில் கயிறு அதிகம் தேவை என்பதை அறிந்துகொண்டு இரண்டாம் சுற்றில் பொருட்களைத் தேர்ந்தெடுக்கலாம். மாற்றத்துக்குப் பிறகு அந்த அறிவு உதவாது. கடினமான நிலைகளில் பசி விரைவாகவும் பொருட்கள் கூடிய பாரத்துடனும் வருவதால், அங்கே உணவைச் சேமிப்பதைக் காட்டிலும் வழியிலேயே உண்டு தீர்ப்பது பயன் தரும்.

எரிமலைப் பகுதியைக் கடந்து கில்ன் எனப்படும் கடைசி ஏற்றத்தின் அடியில் நிற்கும்போது கணக்கு தலைகீழாகிவிடுகிறது. நாளைக்கு என்று இனி எதுவும் இல்லை. மிஞ்சிய உணவனைத்தையும் அங்கேயே உண்டு, காயங்களுக்குக் கட்டுப்போட்டு, கயிறும் ஊக்க பானமும் தவிர்ந்த எல்லாவற்றையும் முதுகுப்பையோடு சேர்த்துக் கீழே போட்டுவிட்டு ஏறுங்கள். கடற்கரையில் கண்டெடுத்த பிங் பொங் பொம்மையை உச்சிவரை கொண்டு சென்றால் ஒரு பதக்கம் கிடைக்கும் என்பதற்காக அதைச் சுமந்து வந்தவர் இருந்தால், அவருடைய கயிற்றை இன்னொருவர் வாங்கிக்கொள்ளட்டும்.