ஓலையும் ஒலெய்ஃபெராவும்: செடியின் லத்தீன் பெயரில் இலையைத் தேடுவது எப்படி

நான்கு வருடத்துக்கு முன் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் மூலிகைத் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தேன். முருங்கைக்கு 'மொரிங்கா ஒலெய்ஃபெரா' என்று எழுதி, கீழே 'ஓலை நிறைந்த மரம்' என்று பொருளும் போட்டேன். ஒலெய், ஓலை, இலை. காதுக்கு எல்லாம் ஒன்றாகப் பட்டது. முருங்கையில் நாம் உருவுவதும் இலையைத்தானே! ஒலெய் என்றால் எண்ணெய், ஃபெரா என்றால் தருவது, விதையில் எண்ணெய் இருப்பதால் அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியவந்தபோது பலகை ஆறு மாதம் வெயில் காய்ந்திருந்தது. மொரிங்கா என்ற முன்பாதி நம்மவர் சொன்ன முருங்கையிலிருந்து போனது என்பதில் கொஞ்சம் மானம் தப்பியது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இலையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பெயருக்குப் பொருள் எழுதுவதில்லை.

லத்தீன் பெயரில் இரண்டு சொல் இருக்கும். முதல் சொல் குடும்பப் பெயர் மாதிரி. இரண்டாவதுதான் பெரும்பாலும் அங்க அடையாளம் சொல்லும். அந்த இரண்டாவது சொல்லை வாலிலிருந்து படியுங்கள். வால் ஃபோலியா, ஃபோலியஸ், ஃபோலியம் என்று இருந்தால் லத்தீன் இலை. ஃபில்லா, ஃபில்லஸ், ஃபில்லம் என்று இருந்தால் கிரேக்க இலை. வாலுக்கு முன்னால் இருப்பது எப்படிப்பட்ட இலை என்று சொல்கிறது. லாட்டி என்றால் அகலம். ஈட்டி மரம் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. அங்குஸ்டி குறுகல், நிலாவரையின் பழைய பெயரில் வரும். லாங்கி நீளம், கார்டி இதயம், ட்ரை மூன்று. சீந்தில்கொடி டினோஸ்போரா கார்டிஃபோலியா. வெற்றிலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த இதய வடிவம் உடனே பிடிபடும். நீர்நொச்சி விடெக்ஸ் ட்ரைஃபோலியா. அதில் மூன்று இலை என்பது மூன்று தனி இலை அல்ல, ஒரே காம்பில் ஒரே இலை மூன்றாகப் பிரிந்திருப்பது. காம்பு தண்டோடு சேரும் இடம் வரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு எண்ணுங்கள்.

ஒரே சொல்லுக்கு எதற்கு மூன்று வால் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவன் வந்தான், அவள் வந்தாள், அது வந்தது என்கிறோமே, அந்தக் கணக்குதான். முதல் சொல் ஆண்பாலா பெண்பாலா என்பதைப் பார்த்து வால் மாறும். நம் சாலையோரங்களில் ஈட்டி போல நிற்கும் நெட்டிலிங்கம் வெகுகாலம் பாலியால்தியா லாங்கிஃபோலியாவாக இருந்தது. வகைப்படுத்துபவர்கள் அதன் முதல் சொல்லை மோனூன் என்று மாற்றியதும் லாங்கிஃபோலியம் ஆகிவிட்டது. இலை அதே நீளந்தான். இலுப்பைக்கு அந்தத் தொல்லை இல்லை, இன்னும் மதுகா லாங்கிஃபோலியாதான்.

இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, நான் விழுந்த ஃபெரா. இன்னொன்று ஃப்ளோரா, ஃப்ளோரம், அது பூ. அகத்திக்கீரையை இலைக்காகத்தான் வாங்குகிறோம், ஆனால் செஸ்பேனியா கிராண்டிஃப்ளோரா என்றால் பெரிய பூ. துளசியும் அப்படியே: டெனுயிஃப்ளோரம், மெல்லிய பூ. நாம் எதைச் சாப்பிடுகிறோம் என்பது பெயர் வைத்தவருக்குக் கவலையில்லை.

இனி இலையோடு ஒப்பிடுவது. பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தையில் மக்சிக் (மலாய் அம்மா) கட்டுக் கட்டாக விற்கும் பாண்டான் இலையை எடுங்கள். பாண்டானஸ் அமரிலிஃபோலியஸ், அதாவது அமரில்லிஸ் போன்ற இலை. அமரில்லிஸ் வெங்காயம் மாதிரிக் கிழங்கிலிருந்து வாள்போல் இலை விடும் பூச்செடி. பொருத்தமான பெயர்தான். மெங்குடு, நம் நுணாவின் சொந்தக்காரர், மொரிண்டா சிட்ரிஃபோலியா: எலுமிச்சை இனத்து இலை. இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மெங்குடு இலை என் உள்ளங்கையைவிடப் பெரிது. பெயர் வைத்தவர் பளபளப்பை மட்டும் பார்த்தார் போலிருக்கிறது.

பலா விஷயத்தில் பெயர்தான் என்னைக் காப்பாற்றியது. பின்கட்டில் போட்ட கொட்டை முளைத்து, இலை விரல் பிரிந்தாற்போல மடல்விட்டு வந்தது. பலா இலை முழுசாக அல்லவா இருக்கும், ஏதோ களை என்று பிடுங்கப் போனேன். ஆர்ட்டோகார்பஸ் ஹெட்டெரோஃபில்லஸ் ஞாபகத்துக்கு வந்தது. ஹெட்டெரோ என்றால் வேறு வேறு. கன்றில் ஒரு மாதிரி, மரத்தில் ஒரு மாதிரி. பழைய மூலிகைப் புத்தகங்களில் இதே மரம் இன்டெக்ரிஃபோலியா, அதாவது வெட்டுப்படாத முழு இலை என்று இருக்கும். பெரிய மரத்தை மட்டும் பார்த்தால் அதுவும் சரிதான்.

புன்னைக்கு இரண்டு சொல்லிலும் இலை: கலோஃபில்லம் இனோஃபில்லம். கலோ அழகு, இனோ நார். ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பிலிருந்து இரண்டு பக்கமும் மயிரிழை நரம்புகள் சீப்புப் பல் போல நெருங்கி ஓடும். மலாயில் இதுதான் பெனாகா. 1786-இல் ஆங்கிலேயர் ஃபிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்து இறங்கிய முனைக்கு இந்த மரத்தால்தான் தஞ்சோங் பெனாகா என்று பெயர்.

கீழாநெல்லியைப் பிடுங்கித் திருப்பினால் ஃபில்லாந்தஸ் புரிந்துவிடும்: ஃபில் இலை, ஆந்தஸ் பூ. பல இலை கொண்ட அந்தச் சின்னக் கிளை பார்வைக்கு ஒரே இலை மாதிரி இருக்கும், அதன் அடியில் பூவும் காயும் வரிசையாகத் தொங்கும். அடியில் நெல்லி இருப்பதால் நமக்குக் கீழாநெல்லி. மலாய்க்காரருக்கு டுக்கோங் அனாக், பிள்ளையைச் சுமப்பது. பிரையோஃபில்லம் என்றால் முளைவிடும் இலை. அதற்கு நம் ஊர்ப் பெயர் கட்டிப்போட்டால் குட்டிபோடும். இந்தப் போட்டியில் தமிழுக்குத்தான் என் ஓட்டு.

சில பெயர்களில் இலை என்ற சொல்லே இருக்காது, ஆனாலும் பேச்சு இலையைப் பற்றித்தான். பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலில் படரும் அடம்பு ஐபோமியா பெஸ்-காப்ரே. பெஸ் கால், காப்ரே ஆட்டினுடைய. நுனியில் பிளந்த இலையை மணலில் அழுத்தி எடுத்தால் குளம்புத் தடம் தெரியும். மலாயில் தாப்பாக் கூடா, குதிரைக் குளம்பு. சங்கப் புலவர் மானடி என்றார். ஒரே இலையில் மூன்று மிருகம் நடந்துபோயிருக்கிறது. இந்தப் பலகைக்கு மட்டும் மூன்று பெயரையும் எழுதினேன்.

கடைசியாக வெற்றிலை, பைப்பர் பீட்டில். இதில் ஃபோலியாவைத் தேடாதீர்கள். வெறும் இலை வெற்றிலையாகி, மலையாளத்தில் வெற்றில என்று ஒலித்து, போர்த்துகீசியர் வாயில் புகுந்து பீட்டில் ஆனது. வாலில் ஒட்டியிருப்பது நம் இலைதான்.

பழகிப் பார்க்க, 1884-இல் தொடங்கிய தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவுக்குக் காலையில் போங்கள். மரப்பலகையைப் படித்துவிட்டு, கீழே உதிர்ந்த இலையை எடுத்து ஒப்பிடுங்கள். பறிக்க வேண்டாம். பள்ளிக்கோ கோயிலுக்கோ பலகை எழுதுவதாக இருந்தால் மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம், வெயிலில் வெளுத்துவிடும். மெல்லிய அலுமினியத் தகட்டில் சாதாரணப் பென்சிலால் அழுத்தி எழுதுங்கள், மழைக்கும் நிற்கும். என் முருங்கைப் பலகையை இரண்டாம் முறை அப்படித்தான் எழுதினேன்.