புதுப் பசங்க முதல் வாரத்துலயே வேலைய விட்டுப் போனத எப்படி நிறுத்தினேன்

மாதவரம் பக்கம் ஒரு குடோன்ல எச்.ஆர். வேலை பாக்கறேன். புதுசா சேர்ற பசங்க ஒரு வாரம் தாண்டறதே பெரிய விஷயமா இருந்துச்சு, சம்பளம்தான் காரணம்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா போனவங்களுக்கு போன் போட்டுக் கேட்டா, முதல் நாள் முழுக்க ரூம்ல உக்கார வெச்சு ஸ்லைடு காட்டறீங்க, மறுநாள் லோடிங்ல நிக்கறப்ப யார்கிட்ட என்ன கேக்கறதுன்னே தெரியல சார்ங்கறாங்க.

அதனால மொத்தத்தையும் மாத்தினேன். முந்தின நாளே வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட்டு, எந்த கேட், யாரைப் பாக்கணும், ஷூ கட்டாயம்னு. எண்ணூர்லேர்ந்து வர்ற பசங்க கன்டெய்னர் லாரி க்யூல மாட்டுவாங்க, அதனால முதல் நாள் மட்டும் 10 மணிக்கு வந்தா போதும்.

ஸ்லைடு கிடையாது, நேரா ஃப்ளோர்தான். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் அண்ணனையே பேச வெச்சேன், அவர் பையனை சீட்ல உக்கார வெச்சு, முன்னாடி லோடு தூக்கி நிறுத்திட்டு, இப்ப எதிர்ல நிக்கற ஆளு தெரியறாரா பாருன்னாரு. தெரியல. அப்புறம் மஞ்சக் கோட்டைத் தாண்டாதன்னு யாரும் சொல்லவே வேணாம்.

பேப்பர் வேலைல நான் விடாம உக்காந்து சொல்றது பிஎஃப், இஎஸ்ஐ ரெண்டும்தான். பழைய யூஏஎன், அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் நம்பர், இருந்தா, சேர்றப்ப குடுக்கற ஃபார்ம் 11ல அதையே எழுதணும், புதுசா இன்னொன்னு போட்டா பின்னாடி பணம் எடுக்கறப்ப அலையணும். இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம் புடிக்கறாங்களேன்னு கேப்பாங்க, அது வைத்தியத்துக்கான இன்சூரன்ஸ், அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரில அப்பா அம்மாவுக்கும் பாக்கலாம், உன்னை நம்பி இருந்தா அவங்க பேரையும் சேருன்னு சொன்னா முகமே மாறிடும்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் இல்லாம பத்து நிமிஷம் தனியா பேசறேன். போன பேட்ச்ல பெரும்பாலான பசங்க இன்னும் இருக்காங்க.