கல்லின் வகையைச் சொல்வதில் எங்கே சறுக்குகிறோம்?

தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெயர்களையும் தடங்கலின்றி ஒப்பிப்பவர்கள்கூட, கையில் ஒரு கல்லைக் கொடுத்தால் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கறுப்பாக இருந்தால் எரிமலைக் கல், வெளுப்பாக இருந்தால் சுண்ணாம்புக்கல் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சிறிதளவு இரும்பு ஆக்சைடு கலந்தாலே மணற்பாறை செக்கச்செவேல் என்று மாறிவிடும். நிறத்தை நம்பாதீர்கள், கல்லில் உள்ள கனிமத் துகள்களை, அதாவது பரல்களைப் பாருங்கள்.

கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா ஆகிய கனிமங்கள் வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். பூமிக்கடியில் பாறைக்குழம்பு மிக மெதுவாகக் குளிர்ந்ததால் படிகங்கள் வளர அவகாசம் கிடைத்தது. அதே குழம்பு தரைக்கு மேலே வந்து சீக்கிரம் குளிர்ந்திருந்தால், பரல்கள் பொடிப்பொடியான ரயோலைட் என்ற பாறை ஆகியிருக்கும். தீப்பாறை எல்லாமே எரிமலை கக்கியது என்பதும் அதனால் பிழைதான்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது, 'உருகி மாறியதே உருமாறிய பாறை' என்ற விளக்கம். முழுதாக உருகி மறுபடி உறைந்தால் அது தீப்பாறைக் கணக்கில் சேர்ந்துவிடும். பாறை திடமாக இருக்கும்போதே வெப்பமும் அழுத்தமும் அதன் கனிமங்களை மாற்றுகின்றன. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸிலேயே இது தொடங்கிவிடும். மணற்பாறை குவார்ட்சைட் ஆவது இப்படித்தான். இரண்டையும் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். மணற்பாறை பெரும்பாலும் மணல்மணிகளைச் சுற்றிக்கொண்டு உடையும். உடைந்த முகம் சொரசொரக்கும், விரலில் மணல் ஒட்டும். குவார்ட்சைட்டில் மணிகள் ஒன்றோடொன்று இறுகிவிட்டதால் விரிசல் அவற்றை ஊடறுத்தே செல்லும்.

வரிவரியாக இருந்தால் படிவுப் பாறை என்று அவசரப்படவும் வேண்டாம். நீஸ் என்ற உருமாறிய பாறையின் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பெரும்பாலும் அழுத்தத்தில் கனிமங்கள் பிரிந்து அணிவகுத்ததால் வந்தவை. நீர் கொண்டுவந்து படியவைத்தவை அல்ல.

ஒரு வகைப் பாறை இன்னொரு வகையாக மாறும் பாறைச் சுழற்சியை ஒரே திசையில் ஏறும் படிக்கட்டாக வரைவதும் வழக்கமாகிவிட்டது. அதுவும் பிழைதான். உருமாறிய பாறை உருகாமலேயே தேய்ந்து மணலாகலாம். மணற்பாறை அரிக்கப்பட்டு மீண்டும் மணற்பாறையே ஆகலாம்.

கடைசியாக, சலவைக்கல்லையும் குவார்ட்சைட்டையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு ஒரு சோதனை. கல்லைச் சிறிது சுரண்டி, அந்தப் பொடியில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். சலவைக்கல்லில் உள்ள கால்சைட் என்ற கனிமம் நுரைக்கும். குவார்ட்சைட் அசையாது, அதைக் கத்தியால் கீறவே முடியாது.