வீடு வரையிறவன் படகு வரையப் போனா: நான் பண்ண தப்பெல்லாம் நீங்களும் பண்ணாதீங்க

மயிலாப்பூர் பழைய வீடு, திண்ணை, தேர், குளக்கரைன்னு வாட்டர்கலர்ல போட்டுட்டு இருக்கறவன் நான். பத்து பன்னெண்டு வருஷமா அதேதான், போன் வந்தாலே "சார் எங்க தாத்தா வீட்டை இடிக்கப்போறாங்க, அதுக்குள்ள ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க"ன்னு தான் இருக்கும். மூணு வருஷம் முன்னாடி போதும்டா சாமின்னு ஆயிருச்சு. வேற ஏதாச்சும் பண்ணலாம்னு கிளம்பி நான் அடிச்ச கூத்துல இருந்து சிலது சொல்றேன்.

பெரிய தப்பு இதுதான், சப்ஜெக்டையும் மீடியத்தையும் ஒரே நாள்ல மாத்தினது. ஆயில் கலர் செட்டு வாங்கினேன், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போனேன், வலை இழுக்கற ஆளுங்களைப் போட உக்காந்தேன், ரெண்டுமே எனக்குப் புதுசு. படம் கேவலமா வந்துச்சு, சரி, ஆனா எதனால கேவலம்னு புரியணும்ல? எனக்கு மனுஷ உடம்பு வரையத் தெரியலையா, இல்ல ஆயில் ஓட்டத் தெரியலையா? ஆறு மாசம் ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டேன். தெரிஞ்ச வீட்டையே ஆயில்ல போட்டிருந்தா வீடு கைக்குத் தானா வந்துரும், கவனம் முழுக்க பெயிண்ட்ல இருந்திருக்கும். இல்லன்னா காசிமேடு ஆளுங்களை வாட்டர்கலர்லயே போட்டிருக்கணும்.

பழைய கை பழக்கம் வேற புது மீடியத்துக்குள்ள திருட்டுத்தனமா வந்துரும், அதைப் பாத்துக்கோங்க. வாட்டர்கலர்ல வெள்ளைங்கறது பேப்பர் தான், வெளிச்சம் வேணும்ற இடத்தை விட்டுட்டு சுத்தி அடிப்போம். அதே பழக்கத்துல கேன்வாஸ்லயும் அங்கங்க வெறுமனே விட்டுட்டேன், படம் பல்லு விழுந்த மாதிரி இருந்துச்சு. ஆயில்ல பெரும்பாலும் இருட்டை முதல்ல போட்டு, வெளிச்சத்தைக் கடைசில கெட்டியா மேல வைக்கணும், மூளையையே திருப்பிப் போடற வேலை. ஆயில் மேல அக்ரிலிக் (தண்ணில கரைச்சு அடிக்கற, சீக்கிரம் காயற பெயிண்ட்) அடிக்காதீங்க, இன்னிக்கி இல்லன்னாலும் ஒருநாள் உரிஞ்சு வரும். அக்ரிலிக் மேல ஆயில் அடிக்கலாம். அக்னி நட்சத்திரத்துல ஃபேன் போட்டுட்டு அக்ரிலிக் பண்ணா பேலட்லயே காஞ்சு பிளாஸ்டிக் ஆயிரும், ஸ்ப்ரே பாட்டில் பக்கத்துலயே இருக்கட்டும். கொசுவுக்கு பயந்து ஜன்னலை சாத்திட்டு ஆயில் கலரைக் கரைக்கற டர்பன்டைனைத் திறக்காதீங்க, தலைவலி நிச்சயம்.

லினோ, அதாவது லினோலியம் ஷீட்ல படத்தைச் செதுக்கி மை தடவி அச்சு எடுக்கறது, அந்தக் கதை தனி. பழைய வெத்தலபாக்கு கடை போர்டோட ஒரு வீட்டை லினோல செதுக்கினேன், ரெண்டு வாரம், எழுத்தெல்லாம் முத்து முத்தா. மை தடவி பிரிண்ட் எடுத்தா கடை பேரு முழுக்க கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி நிக்குது. பிரிண்ட்ல இடம் வலமா, வலம் இடமா மாறும்னு எனக்குத் தெரியாதான்னா தெரியும், செதுக்கற ஆசைல மறந்துட்டேன், அவ்ளோதான். ட்ரேசிங் பேப்பர்ல வரைஞ்சு, அதைக் கவுத்து வச்சு தேச்சு ஏத்துங்க, எழுத்து திரும்பி தெரிஞ்சா சரியா இருக்குன்னு அர்த்தம். லினோ கெட்டியா இருந்தா மொட்டை மாடில கொஞ்ச நேரம் வெயில்ல வைங்க, இளகிரும், நம்ம ஊர்ல அதுக்கு ஹீட்டர் எதுக்கு. பிடிக்கற கை எப்பவும் உளிக்குப் பின்னாடி இருக்கணும், என் இடது கட்டைவிரல் சாட்சி.

இன்னொன்னு, புதுசு கிடைச்ச வேகத்துல பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நானும் "இனிமே வீடு போட மாட்டேன்"னு வீராப்பா சொல்லிட்டு மூணு மாசத்துல கலர் ட்யூப் வாங்கவே யோசிச்சேன். 1966ல கே.சி.எஸ். பணிக்கரும் கூட இருந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பிச்சப்போ பாத்திக் (மெழுகு வச்சு சாயம் போடறது) துணியெல்லாம் பண்ணி வித்துதான் ஓவியத்துக்கு சோறு போட்டாங்க. ஓவியர் ஆதிமூலம் சாரைப் பாருங்க, காந்தி, ராஜாக்கள்னு பேனா கோட்டுக்குப் பேர் போனவரு, அப்புறம் கலர்ல அரூப ஓவியத்துக்கு, அதாவது உருவம் இல்லாத ஓவியத்துக்குப் போனாரு, ஆனா கோட்டோவியத்தை விடல, ஜூனியர் விகடன்ல எழுத்தாளர் கி.ரா.வோட கரிசல் காட்டுக் கடுதாசி தொடருக்கு அவர் போட்ட படங்களை இன்னும் பேசறாங்க. வயசாயிருச்சேன்னு தயங்கறவங்களுக்கு ஒண்ணு: பணிக்கர் 1911ல பிறந்தவர், எழுத்தும் குறியீடுமா இருக்கற அவரோட பேர் பெற்ற ஓவிய வரிசையை 1963ல தான் ஆரம்பிச்சாரு, கணக்கு போட்டுக்கோங்க.

அவசரப்பட்டு காட்டாதீங்க, இதுவும் பட்டதுதான். ஒரு கேலரில எட்டு வீட்டுக்கு நடுவுல புதுசா ஒரு அரூபப் படத்தை மாட்டினேன், வந்தவர் ஒருத்தர் என்கிட்டயே "இது யாரு சார் போட்டது, மாத்தி மாட்டிட்டாங்களா?"ன்னாரு. அவர் மேல தப்பு இல்ல. புதுசு பத்து பதினஞ்சாவது சேரட்டும், அதுக்குன்னு தனி சுவர் கிடைச்சப்புறம் காட்டலாம், ஒத்தையா விட்டா அனாதையா தான் தெரியும்.

இப்போ ஞாயித்துக்கிழமை விடியக்காலைல காசிமேடு போறேன், கைல வாட்டர்கலர் மட்டும். படகு ஓரளவு வந்துருச்சு, ஆளுங்க இன்னும் பொம்மை மாதிரிதான் நிக்கறாங்க. ஆயில் பெட்டி பரண் மேல இருக்கு.