ஊசி போடக் கற்றாயிற்று, அப்புறம்? நியூக்ளியர் மெடிசினில் மேல்நிலைக்குப் போக ஒரு வழிகாட்டி

கதிரியக்க மருந்தை உடலுக்குள் செலுத்திப் படம் எடுப்பதும் சிகிச்சை செய்வதும்தான் நியூக்ளியர் மெடிசின். அங்கே எலும்பு ஸ்கேன் ஒன்று திரையில் வருகிறது. முதுகெலும்பு, விலா, இடுப்பு எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. கூடவே கழுத்தில் தைராய்டும் வயிற்றில் இரைப்பையும் லேசாகத் தெரிகின்றன. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமானவர் 'படம் நன்றாக வந்திருக்கிறது' என்று நோயாளியை அனுப்பிவிடுவார். ஆறு வருடமானவர் நேராக, கதிரியக்க மருந்து தயாரிக்கும் ஹாட் லேபுக்குப் போய், காலையில் கலக்கிய எம்.டி.பி. (எலும்பில் போய்ச் சேரும் மருந்து) குப்பியைத் தேடுவார். மருந்தோடு சேராத டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் உடலில் தனியாகச் சுற்றினால்தான் தைராய்டும் இரைப்பையும் இப்படித் தெரியும். குப்பிக்குள் காற்று புகுந்து, இரண்டையும் சேர்க்க உதவும் வெள்ளீய உப்பு கெட்டிருக்கலாம். அதே குப்பியிலிருந்து இன்னும் நான்கு பேருக்கு ஊசி போடவேண்டி இருந்தால்?

மேல்நிலை டெக்னாலஜிஸ்ட் என்றால் என் கணக்கில் இவர்தான். படத்தையும் எண்ணையும் டாக்டர் பார்ப்பதற்கு முன்பே சந்தேகப்படத் தெரிந்தவர்.

தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூக்ளியர் மெடிசின் தொழில்நுட்பத்தில் பட்டமோ, அறிவியல் பட்டத்துக்கு மேல் ஒரு டிப்ளமோவோ அடித்தளம். அதன்மேல் தொழில் நடத்த உரிய சான்றிதழ் அல்லது பதிவு. பெயரும் விதியும் நாட்டுக்கு நாடு மாறும். பிறகு சில வருட நேரடி அனுபவம், பெட்-சிடி, இதய ஸ்கேன் போன்றவற்றில் தனிப் பயிற்சி. இதற்கு மேலும் போக நினைப்பவர்கள் முதுநிலைப் படிப்பில் மருந்தியல், நோயாளியைப் பரிசோதிக்கும் முறை, ஈ.சி.ஜி. வாசிப்பு, குறுக்குவெட்டு உடற்கூறு எல்லாம் படிக்கவேண்டும். உயிர்காக்கும் முதலுதவிச் சான்றிதழ் காலாவதி ஆகிவிடக் கூடாது. காகிதம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் கையில் வரவேண்டியது.

அது ஹாட் லேபில் தொடங்குகிறது. ஜெனரேட்டரைக் கறந்தவுடன் (மாலிப்டினத்திலிருந்து டெக்னீசியம் உருவாகும் பெட்டி, எங்களுக்கு அது மாடுதான்) முதல் வேலை, அதில் மாலிப்டினம் கலந்து வந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு மில்லிகியூரி (கதிரியக்க அளவு) டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. மாலிப்டினம்-99இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 66 மணி நேரம். டெக்னீசியம்-99எம்முக்கு 6 மணி நேரம். மாலிப்டினம் தவறிப்போய் உடலுக்குள் போனால் படத்துக்குப் பயன் இல்லை, நோயாளிக்குத் தேவையற்ற கதிர்வீச்சுதான் மிச்சம்.

அடுத்தது கணக்கு. பத்து மணி ஊசிக்கு 20 மில்லிகியூரி வேண்டும், ஏழு மணிக்கே எடுத்து வைக்கிறீர்கள் என்றால் எவ்வளவு எடுப்பீர்கள்? மூன்று மணி நேரம் என்பது பாதி அரை ஆயுள். அதனால் 20ஐ 1.41ஆல் பெருக்குங்கள், சுமார் 28. மென்பொருள் சொல்லிவிடும்தான். ஆனால் யாரோ அதில் நேரத்தைத் தப்பாகத் தட்டியிருந்தால், திரையில் வரும் எண் பொருந்தவில்லை என்று உங்கள் மனதுக்குப் படவேண்டும். பெட் ஸ்கேனுக்கான எஃப்.டி.ஜி. மருந்தில் இது இன்னும் இறுக்கம். அதிலுள்ள ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். நோயாளி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் மருந்தில் மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது.

கேமராவின் தினசரிச் சோதனையை யாரும் விரும்பிச் செய்வதில்லை, நானும் விரும்பியதில்லை. ஆனாலும் கோபால்ட்-57 தகட்டை வைத்து எடுக்கும் சீர்மைப் படத்தை கண்ணால் பாருங்கள். 'பாஸ்' என்று இயந்திரம் சொன்னது போதாது. ஓரத்தில் மங்கலாக ஒரு வட்டம் விழுந்தால் ஒளியை மின்சைகையாக்கும் ஒரு ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் தளர்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அது இல்லாத நோயைக் காட்டலாம், இருக்கும் நோயை மறைக்கலாம்.

என் இரண்டாம் வருடத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். நுரையீரல் ஸ்கேனுக்கு எம்.ஏ.ஏ. ஊசி. நரம்பில்தான் இருக்கிறேனா என்று உறுதி செய்ய, பழக்கதோஷத்தில் ரத்தத்தைச் சிரிஞ்சுக்குள் இழுத்துப் பார்த்தேன். அதிலுள்ள புரதத் துகள்களோடு ரத்தம் சேர்ந்து சிறு கட்டிகளாகிவிட்டது. நுரையீரல் முழுக்க வைரம் பதித்ததுபோலப் புள்ளிகள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. படத்தைத் திருப்பிக் காட்டி 'இது என்ன?' என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எம்.ஏ.ஏ.வுக்குத் தனியாக உப்புநீரால் நரம்பைச் சோதித்துவிட்டு, சிரிஞ்சை மெதுவாக அசைத்து, நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, சில மூச்சுகள் எடுக்கும் நேரம் வரை நிதானமாகச் செலுத்துகிறேன். நுரையீரல் ரத்த அழுத்தம் கடுமையாக இருப்பவர், குழந்தை, இதயத்தில் வலமிருந்து இடமாக ரத்தம் பாயும் துவாரம் உள்ளவர் என்றால் துகள்களின் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். இதைக் கேட்காமலே எடுத்துச் சொல்பவரைத்தான் டாக்டர் நம்புவார்.

மேல்நிலைக்கு வந்தபின் கூடுதலாக வரும் வேலைகளில் மருந்து கொடுத்துச் செய்யும் இதய ஸ்ட்ரெஸ் சோதனை முக்கியமானது. பொறுப்பு டாக்டருடையது, பக்கத்தில் நிற்பது நீங்கள். 'காபி குடித்தீர்களா' என்று கேட்டால் 'இல்லை' என்பார்கள். டீ, கோலா, சாக்லேட், தலைவலி மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள், அப்போதுதான் சோதனை மருந்தின் வேலையைத் தடுக்கும் கஃபீன் வெளியே வரும். நெஞ்சில் வீசிங் கேட்டால் சோதனை மருந்தான அடினோசினைத் தொடவே வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். அதை முறிக்கும் அமினோஃபிலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சிகிச்சை மருந்துகளில் இரட்டைச் சரிபார்ப்பு தவிர்க்கவே கூடாது. தைராய்டு சிகிச்சைக்கான அயோடின்-131 கொடுக்கும் முன் கர்ப்பம் இல்லை என்பது சோதனையில் உறுதியாகவேண்டும். பால் கொடுக்கும் தாய் என்றால் அந்தக் குழந்தைக்குப் பாலூட்டுவதை முழுவதுமாக நிறுத்தியிருக்கவேண்டும். இந்தக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பணியாளருக்குப் பரிந்துரைக்கும் வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 50ஐத் தாண்டக் கூடாது. கை விரல்களுக்கு 500. விரலில் கதிர்வீச்சை அளக்கும் மோதிர பேட்ஜை உள்ளங்கைப் பக்கம் திருப்பிப் போட்டால்தான் உண்மை தெரியும், ஏனென்றால் சிரிஞ்ச் அந்தப் பக்கம்தானே இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால் பங்கு. என் சொந்த வழி ஒன்று: விளக்கம், ஒப்புதல் கையெழுத்து, எங்கே உட்காரவேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்கவேண்டும் என்பதையெல்லாம் ஊசிக்கு முன்பே பேசி முடித்துவிடுவேன். ஊசிக்குப் பிறகு அந்த மனிதரே ஒரு கதிர்மூலம்.

ஜூனியர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும், நெறிமுறைகளை எழுதிப் புதுப்பிப்பதும், தணிக்கைக்குப் பதிவேடுகளை ஒழுங்காக வைப்பதும் உங்கள் தலையில்தான் விழும். எழுத்து வேலை பிடிக்காதவர்கள் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. மேஜையிலிருந்து இறங்கும்போது நோயாளி கேட்பார், 'ஏதாவது தெரியுதாம்மா?' பத்து வருடம் பார்த்த கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அறிக்கை டாக்டருடையது. 'டாக்டர் முழுசாப் பார்த்துட்டுச் சொல்வாங்க, இன்னைக்கு நிறையத் தண்ணி குடிங்க' என்பேன். வாயை அடக்குவது சீக்கிரம் வந்துவிட்டது. முகத்தை அடக்கக் கற்க எனக்கு இன்னும் சில வருடங்கள் பிடித்தன.