சிங்கப்பூர் பாஸ்போர்ட்டோடு மாயவரத்தில் குடியேறுவது எப்படி? பெயரிலிருந்து தொடங்குங்கள்

நானும் மனைவியும் சிங்கப்பூரை விட்டு மாயவரத்துக்கு (மயிலாடுதுறைக்கு) வந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். இருபத்தாறு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கினேன். மனைவி சிங்கப்பூரிலேயே பிறந்தவர். அவர் அப்பா திருவாரூர்க்காரர். ஊருக்கு நாங்கள் சொந்தக்காரர்கள்தான். ஆனால் சட்டப்படி இரண்டு பேருமே வெளிநாட்டவர். வங்கியிலும் ஆதார் மையத்திலும் பத்திர ஆபீசிலும் அந்தக் கணக்கில்தான் நம்மை நடத்துவார்கள்.

வாடகை, சாப்பாடு, வீட்டு வேலைக்கு ஆள் என்று எல்லாச் செலவும் அங்கே ஆனதில் சிறு பங்குதான் ஆகிறது. அது வருகிற எல்லோருக்கும் தெரிந்ததே. காகித வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதை மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் ஐந்து மாதம் அதிலேயே போயிற்று. உங்களுக்கு அப்படிப் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

படி 1: ஓசிஐ அட்டையை அங்கேயே வாங்குங்கள்

ஓசிஐ என்பது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை. சுற்றுலா விசாவில் வந்துவிட்டு மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். விண்ணப்பத்தை நிரப்பும் முன் படி 2-ஐயும் படித்துவிடுங்கள். முன்பு இந்தியக் குடிமகனாக இருந்தவர்கள் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்றிதழை முதலில் எடுக்க வேண்டும். அங்கேயே பிறந்தவர்கள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, பூட்டன், பூட்டி இவர்களில் ஒருவர் இந்தியராக இருந்ததைக் காட்டினால் போதும். என் மனைவிக்கு அவருடைய பிறப்புச் சான்றிதழும் அவர் அப்பாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டும் உதவின. அந்தப் பாஸ்போர்ட் மாமியாரின் இரும்புப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைக்கு அடியில் கிடந்தது. உங்கள் வீட்டிலும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

50 வயது முடிந்தபிறகு எடுக்கும் புதுப் பாஸ்போர்ட்டை ஒரு முறை ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

படி 2: பெயர்

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் தமிழர் பலருக்கு அடையாள அட்டையில் எஸ்/ஓ, டி/ஓ போட்டு அப்பா பெயர் வரும். என் மனைவியின் பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். பெயர் செல்வி, அப்பா முருகையன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் 'செல்வி டி/ஓ முருகையன்' என்று இருக்கும். அங்கே ஐம்பது வருடமாக இதனால் அவருக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை.

இங்கே ஒரு வங்கியில் கணக்கு திறக்கப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையானவர். பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். சாய்கோட்டைத் தட்டியதும் பெட்டி சிவப்பாகிவிட்டது. கணினி அதை ஏற்கவில்லை. சாய்கோட்டை எடுத்துவிட்டு 'டிஓ' என்று நடுப்பெயர்க் கட்டத்தில் போட்டார். பாஸ்புக்கில் 'செல்வி டிஓ முருகையன்' என்று அச்சாகி வந்தது. சரி, போகட்டும் என்று வாங்கிக்கொண்டோம். அங்கேதான் தவறு தொடங்கியது.

அடுத்து பான் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். டிஓ எதற்கு என்று விட்டுவிட்டு, செல்வி ஒரு கட்டத்திலும் முருகையன் குடும்பப்பெயர்க் கட்டத்திலுமாக எழுதினேன். பிறகு ஆதார் மையத்தில் ஓசிஐ அட்டையைப் பார்த்து, அதில் இருந்த வரிசைப்படி முருகையனை முதலில் போட்டார்கள். ஒரே ஆளுக்கு மூன்று ஆவணம், மூன்று பெயர். வங்கிக் கணக்கோடு பான் பொருந்தவில்லை என்று கைபேசிக்குத் தகவல் மேல் தகவல். அதைச் சரிசெய்ய ஒன்பது வாரம் ஆயிற்று. அந்த ஒன்பது வாரமும் மனைவி பெயருக்குப் பணம் அனுப்பப் பயந்துகொண்டே இருந்தோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில், அடியில் இரண்டு வரி எந்திர எழுத்து இருக்கும். அந்த வரிகளில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கோணக் குறியும் மட்டுமே வரலாம், சாய்கோடு வராது. உங்கள் பெயர் அங்கே எப்படி நிற்கிறது, குடும்பப்பெயர் எது என்று பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதை ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஓசிஐ விண்ணப்பத்திலிருந்து வாடகை ஒப்பந்தம்வரை அந்தத் தாளைப் பார்த்தே நிரப்புங்கள். கவுண்டரில் அந்தத் தாளையே நீட்டுங்கள். அச்சடிப்பதற்கு முன்னால் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

என்னைப் போல இங்கே பிறந்தவர்களுக்கு இனிஷியல் தொல்லை தனி. பள்ளிச் சான்றிதழில் 'கு' என்று ஓர் எழுத்துதான் இருக்கும். பான் விண்ணப்பத்தில் வெறும் இனிஷியலைக் குடும்பப்பெயராக ஏற்க மாட்டார்கள். விரித்து எழுதினால் பள்ளிச் சான்றிதழோடு ஒட்டாது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி தட்டச்சு செய்து, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கோர்ட்டு வாசல் டைப்பிங் சென்டர்தான் என் தேர்வு. என்ன வாசகம் வேண்டும் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஊர்ப் பெயரிலும் இதே கதை உண்டு. நான் பிறந்தபோது எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. வீடு நகரவில்லை, மாவட்டம் மூன்று. பிறந்த இடம் என்ற கட்டத்தில் பழைய ஆவணத்தில் உள்ளதையும், முகவரிக் கட்டத்தில் இன்றைய மாவட்டத்தையும் எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

படி 3: வங்கி, பான், ஆதார் என்ற வரிசை

வருமானத்தை இங்கே கொண்டுவர என்ஆர்இ கணக்கு, இங்கே கிடைக்கும் வாடகை போன்றவற்றுக்கு என்ஆர்ஓ கணக்கு. சிங்கப்பூரில் ஐஓபி, இந்தியன் வங்கி, ஸ்டேட் வங்கி மூன்றுக்குமே கிளை உண்டு. கிளம்புவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். பானுக்கு வெளிநாட்டுக் குடிமக்களுக்கான விண்ணப்பம் தனி. நாங்கள் போட்டபோது அதன் பெயர் 49ஏஏ. ஊர் நண்பர் கொடுக்கும் சாதாரணப் படிவத்தை நிரப்பிவிடாதீர்கள்.

ஆதாருக்கு அவசரப்பட முடியாது. ஓசிஐ வைத்திருப்பவர் அதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். கிடைக்கும் ஆதாரும் 10 வருடத்துக்குத்தான் செல்லும். வெளிநாட்டவர் பதிவு எல்லா மையத்துக்கும் பழக்கமில்லை. முதலில் போன இடத்தில் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட், ஓசிஐ, உள்ளூர் முகவரிச் சான்று மூன்றையும் அசலாகக் கொண்டு போங்கள். முகவரிக்கு எங்களுக்குக் கைகொடுத்தது படம் ஒட்டி, அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் போட்ட வங்கிப் பாஸ்புக்.

எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து வைத்தால் போதும் என்கிறவர்கள் உண்டு. என் அனுபவம் வேறு. ஒரு கெட்டி பாக்ஸ் ஃபைல், ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ், வெள்ளைப் பின்னணியில் இருபது போட்டோ. இதை வைத்துக்கொண்டு போனால் ஒரு நாளில் முடியும் வேலை, இல்லாமல் போனால் மூன்று நாள் இழுக்கும்.

சிங்கப்பூர் கைபேசி எண்ணை விட்டுவிடாதீர்கள். அங்குள்ள வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும்.

படி 4: வீடு

முதல் வருடம் வாடகைதான். வாங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வீடு பார்க்க ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். சித்திரையில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று பெட்டிக்கடையில் கேட்டால் வீடு வீடாகச் சொல்வார்கள். பின்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் கொல்லைப் பக்கம் போய்ப் பாருங்கள், அங்கே அடித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது தண்ணீர். கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பு. ஊருக்குள்ளேயே தெருவுக்குத் தெரு மாறும். பக்கத்து வீட்டு அம்மாவிடம், "போர் தண்ணியில துவரம்பருப்பு வேகுதாம்மா?" என்று கேளுங்கள். எங்களுக்கு அந்த ஒரு கேள்வி இரண்டு வீட்டைத் தவிர்க்க உதவியது. ஒரு வீட்டில் அந்த அம்மா உள்ளே போய்ப் பருப்புக் குண்டானையே எடுத்து வந்து காட்டினார். ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு பருப்பாகவே கிடந்தது.

மூன்றாவது, பின்னால் வாங்கும் எண்ணம் இருந்தால், "அடிமனை யாருடையது?" என்ற கேள்வி. கும்பகோணம், மாயவரம், திருவாரூர்ப் பக்கம் பல வீடுகளில் கட்டடம் மட்டும்தான் குடியிருப்பவருடையது. அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். அவர்கள் தலைமுறை தலைமுறையாக மனைக்கு வாடகை கட்டிக்கொண்டு இருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டை மற்ற வீடு போலக் கிரயம் செய்ய முடியாது. வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். பட்டாவை அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம்.

வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுவார்கள். அதில் உங்கள் பெயரை அந்த வெள்ளைத்தாளைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்.

படி 5: அடுப்பு, மின்சாரம்

கேஸ் இணைப்பு கிடைக்கும்வரை 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், அதனால் ஏசியைப் பார்த்துப் போடுங்கள். இன்வெர்ட்டருக்கு டியூபுலர் பேட்டரி வாங்குங்கள். பழுதானால் உள்ளூர் ஆளே வந்து பார்ப்பார்.

படி 6: அங்குள்ள வீடும் மசேநியும் (மத்திய சேமநிதி) இங்குள்ள வரியும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விடக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். கழகத்தின் அனுமதியும் வேண்டும். குடிமக்களுக்கு மட்டுமே அந்த வசதி, நிரந்தரவாசிகளுக்கு இல்லை. மசேநியை மொத்தமாக எடுப்பதற்காகக் குடியுரிமையை விட்டுவிடலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். வேண்டாம் என்பேன். பெரிய வைத்தியம் என்று வந்தால் திரும்பிப் போக ஒரு கதவு திறந்திருக்கட்டும். இங்கே புதிதாக மருத்துவக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு 36 மாதம்வரை காத்திருக்க நேரலாம். ஆகவே வருவதற்கு முன்பே இங்கே ஒரு பாலிசி எடுத்துவிடுவது நல்லது.

வரி ஆண்டு இங்கே ஏப்ரலில் தொடங்கும். நீண்ட காலம் வெளியே இருந்து திரும்புகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் ஓர் இடைநிலை உண்டு. அதற்கு முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தவர்களுக்கும், 7 வருடத்தில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் தங்காதவர்களுக்கும் அது பொருந்தும். அந்தக் காலத்தில் வீவக வாடகை போன்ற வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே பொதுவாக வரி இல்லை. ஆனால் நிரந்தரமாகத் தங்க வந்த பிறகு என்ஆர்இ கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது. வங்கியிடம் சொல்லி மாற்ற வேண்டும். பாஸ்போர்ட் முத்திரைகளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

நிலம் பற்றிக் கேட்டவர்களுக்கு (பின்னர் சேர்த்தது)

"ஓசிஐ இருக்கிறதே, இரண்டு மா நஞ்சை வாங்கலாமா?" என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். முடியாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் ஓசிஐ உள்ளவர் விலைக்கு வாங்கக் கூடாது. தானமாகவும் பெறக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்க வேண்டும். "என் பேரில் வாங்கிப் போடு அண்ணே" என்று தம்பி சொல்வார், பாசத்தில்தான் சொல்வார். அது பினாமிச் சட்டத்தில் மாட்டும். தம்பியையும் சேர்த்து மாட்டிவிடும்.

எனக்கு அப்பா வழியில் பதினைந்து குழி வந்தது. பட்டா தாத்தா பெயரில் இருந்தது, வெறும் இனிஷியலோடு. இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், என் உறுதிமொழி மூன்றையும் வைத்து விஏஓவிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "சான்றிதழ்ல இருக்கிறதும் பாஸ்போர்ட்ல இருக்கிறதும் ஒரே ஆளா?" என்றுதான். நோட்டரி காகிதத்தை எடுத்து நீட்டினேன். பெயர் மாற்றம் நடந்தது.

இன்னொரு சேர்க்கை

வைகாசியில் வந்த ஒரு தம்பதி, ஆற்றில் மணல்தான் இருக்கிறது, ஏமாந்துவிட்டோமோ என்று எழுதியிருந்தார்கள். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். அணையில் தண்ணீர் குறைவாக இருக்கும் வருடம் தள்ளிப்போகும். திறந்தபின் கல்லணை தாண்டி இங்கே வந்துசேரச் சில நாள் ஆகும். ஆற்றில் தண்ணீர் வரும் அன்று எங்கள் தெருக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டு பாலத்துக்குப் போவோம். முதலில் நுரையும் சருகுமாக ஒரு நாக்கு மணலில் நீளும். குழந்தைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். வருபவர்கள் அந்த வாரத்துக்கு டிக்கெட் போட முடிந்தால் போட்டுக்கொள்ளுங்கள். திருச்சிக்கு நேராகவே விமானம் இருக்கிறது.